எக்ஸ்டென்ஷன் 231

பூட்டாத கதவைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்குத்தான் சம்பளமும் வாங்குகிறேன். பெயர் எழில்மொழி, ஏரியா வியாசர்பாடி, வேலை இன்டர்நெட் போன் ஆடிட். இப்போதெல்லாம் ஆபீஸ் போன்கள் சுவருக்குள் ஓடும் கம்பியில் பேசுவதில்லை, இன்டர்நெட்டில் பேசுகின்றன. ஒரு எக்ஸ்டென்ஷன் எண்ணும் அதன் பாஸ்வேர்டும் தெரிந்துவிட்டால் போதும், உலகத்தின் எந்த மூலையில் இருப்பவனும் அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் மாதிரியே போன் போடலாம். எந்தெந்த எண் அப்படித் திறந்து கிடக்கிறது என்று தேடிப் பிடித்து, மூடச் சொல்லி எழுதிக் கொடுப்பேன். எழுதும்போது கொஞ்சம் நக்கலும் சேர்ந்துகொள்ளும். பழக்க தோஷம்.

ராயபுரத்தில் துறைமுக மதிலை ஒட்டி இருந்தது பவளமுத்து மரைன். கன்டெய்னர் யார்டும், கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் இழுவைப் படகுகளும் அவர்கள் தொழில். அந்தப் படகை அங்கே எல்லோரும் டக் என்பார்கள். வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி ஒன்று, ஆடிட் சான்றிதழ் இருந்தால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம் என்று சொல்லிவிட்டது. நூற்றுச் சொச்சம் பேருடைய வேலை அந்த ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

போன் சர்வரைக் கவனித்துக்கொண்டவர் நிர்வாக மேனேஜர் லோகநாதன். ஏசி ரிப்பேரிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாம் அவர் தலையில். நாற்பத்தாறு எக்ஸ்டென்ஷன்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். 201-க்குப் பாஸ்வேர்டு 201. 202-க்கு 202. கடைசி வரை அப்படியே.

"இன்னா சார் இது?" என்று கேட்டேவிட்டேன். கோபம் வந்தால் என் ஆபீஸ் தமிழ் ஓடிப்போய்விடும்.

"மறந்துட்டா எல்லாரும் எனக்குத்தான் மேடம் போன் பண்ணுவாங்க. படகுல இருக்கறவன் நடுக்கடல்லேர்ந்து கேட்டா நான் எங்க போயி சீட்டைத் தேடறது? அதான் நம்பரையே வெச்சுட்டேன். இதுவரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்ல."

சிரித்தேன். அவர் முகத்துக்கு நேராகவே சிரித்தேன்.

அந்த நாற்பத்தாறில் ஒன்று மட்டும் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது. 231. தினமும் ஒரு மணி நேரம் மட்டும் உயிர் பெறும். சாயங்காலம் நாலு மணிக்கு 204-ஐக் கூப்பிடும். பத்து நிமிஷம், சில நாள் கால் மணி நேரம் பேசும். அப்புறம் மறைந்துவிடும். 204 என்பது வாசல் கேட் கேபின் போன். பட்டியலில் 231-க்கு எதிரே 'டக் 3' என்று எழுதியிருந்தது.

"அந்த டக்கை வித்து ரெண்டு வருஷமாச்சு மேடம். வளைகுடாக்காரன் ஒருத்தன் வாங்கிட்டுப் போனான். வெட்டிடுங்க" என்றார் லோகநாதன்.

வெட்டினேன். நாற்பத்தாறு பாஸ்வேர்டுகளையும் மாற்றி, வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாதபடி வழியை அடைத்தேன். 'தினமும் ஒரே நேரத்தில் வரும் சந்தேகத்துக்குரிய அழைப்பு, உடனடியாகத் துண்டிக்கப்பட்டது' என்று அறிக்கையில் எழுதினேன். கேட் கேபினுக்கு இறங்கிப் போய், "அண்ணே, நாலு மணிக்கு யாரு பேசறது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபத்திரண்டு படிதான். கேட்கவில்லை. கெட்டிக்காரி என்று என்னையே நான் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கேட் பொறுப்பாளர் பொன்னுரங்கம் மாடிக்கு வந்தார். உள்ளே வரும் லாரிகளை நோட்டில் பதிவது அவர் வேலை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர், முன்பு கடலுக்குப் போனவர். வாசலிலேயே நின்றார்.

"மேடம், கேட்டு போன்ல எதுனா ரிப்பேரா?"

"இல்லையே அண்ணே. ஏன்?"

"நாலு மணிக்கு ஒரு கால் வரும். மூணு நாளா வர்ல."

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. "யாரு அது, டெய்லி ஆபீஸ் போன்ல?" என்று அதட்டலாகத்தான் கேட்டேன்.

"எம் புள்ள மேடம். ரவிக்குமார்."

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ரவிக்குமார் டக் 3-இல் மேல்தளத்து வேலைக்காரன். படகை விற்றபோது ஆட்களையும் சேர்த்தே அனுப்பினார்கள். புது முதலாளி எட்டு மாதம் ஒழுங்காக நடத்தினான். பிறகு ஆளே காணோம். கேப்டனும் மற்றவர்களும் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஆளில்லாமல் படகை விடக்கூடாது என்று அந்த நாட்டுத் துறைமுகத்தார் சொல்லிவிட்டதால் ரவிக்குமாரையும் சேர்த்து மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கிறது படகு. பாஸ்போர்ட், புது முதலாளியின் ஏஜென்டிடம். விசா முடிந்ததால் சிம் கார்டு செத்துவிட்டது. படகின் வைஃபை பாஸ்வேர்டு கேப்டனுக்கு மட்டும் தெரியும், அவர் சொல்லாமலே போய்விட்டார். மிச்சம் இருந்தது கேப்டன் அறையில், படகின் சாட்டிலைட் இன்டர்நெட் கம்பியில் மாட்டியிருந்த ஒரு மேஜை போன். ராயபுரத்தில் மாட்டிய போன். அதில் இன்னும் 231 இருந்தது.

"டீசலு கம்மி மேடம். ஒரு நாளிக்கு ஒரு மணி நேரந்தான் ஜெனரேட்டர் போடுவானுங்கோ. அந்த நேரத்துல அந்த போனுக்கு உசுரு வரும். வெளி நம்பருக்குப் போவாது, ஆபீஸ் நம்பருக்கு மட்டுந்தான் போவும். அதான் கேட்டுக்கு அடிப்பான். அவுங்க அம்மா மீன வித்துட்டு நாலு மணிக்கு இங்க வந்துடும்."

"ஏன் அண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"ஆபீஸ் போன்ல வூட்டு சமாச்சாரம் பேசறது தப்பு இல்லியா? சொன்னா வெட்டிடுவாங்கன்னு..." என்று இழுத்தார். வெட்டியவளிடமே சொல்லிக்கொண்டிருந்தார் பாவம்.

ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். கேபின் வாசலில், அன்னக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். முந்தின இரண்டு நாளும் பார்த்திருந்தேன். கேட்டில் மீன் விற்க வந்தவர் என்று நினைத்தேன்.

முதலில் எனக்குச் சுலபமாகத்தான் பட்டது. 231-க்கு நல்ல பாஸ்வேர்டாகப் போட்டு, அதை மட்டும் திறந்து வைத்தால் ஆயிற்று. லேப்டாப்பைத் திறந்து பாதி வேலை முடித்த பிறகுதான் கை நின்றது. புதுப் பாஸ்வேர்டை அந்தப் படகில் இருக்கும் போனில் யாராவது அமுக்க வேண்டும். அதை ரவிக்குமாரிடம் யார் சொல்வது? அவனிடம் சேதி சொல்ல இருந்தது ஒரே ஒரு போன். அதைத்தான் நான் வெட்டியிருந்தேன்.

லோகநாதனிடம் ஓடினேன். அவர் நல்ல மனிதர். நாற்காலியில் பின்னால் சாய்ந்து, "ஐயோ" என்றார்.  பிறகு, பவளமுத்து முதலாளிக்குத் தெரியாமல் ஒரு ஏற்பாடு செய்தோம். 231-க்கு மட்டும் பழைய 231-ஐயே பாஸ்வேர்டாக வைத்தோம். முன்பு அந்தப் படகு எந்த இணைய முகவரியிலிருந்து வந்ததோ அந்த முகவரிக்கு மட்டும் வழி விட்டோம். வேறு எவனும் நுழைய முடியாது.

மறுநாள் மூன்றரைக்கே லேப்டாப்போடு கேபினில் போய் உட்கார்ந்தேன். லாரிப் புழுதியும் ஹாரன் சத்தமும் ஓயவில்லை. பச்சையம்மா, அதுதான் ரவிக்குமாரின் அம்மா பெயர், அன்னக்கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதான் ரிப்பேர் பண்றவங்களா?" என்று புருஷனைக் கேட்டார்.

மனசு கேட்கவில்லை. "ரிப்பேர் இல்லம்மா. நான்தான் லைனை வெட்டினேன். உங்க பையன்னு தெரியாது. கேட்டிருக்கணும், கேக்கல."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நீ எந்த ஏரியா கண்ணு?"

"வியாசர்பாடி."

"தெரிஞ்சா பண்ண? வுடு" என்றார். "சோறு துன்னியா?"

திட்டியிருக்கலாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் திட்டினால் நாலு தெருவுக்குக் கேட்கும், எனக்கும் பதில் சொல்லத் தெரியும்.  இதற்கு அழுகைதான் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அன்று 231 வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. காத்திருந்த நேரத்தில் பச்சையம்மா மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். ஃபைபர் படகில் மீன் பிடிக்கப் போனால் என்றைக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாது, டக் என்றால் மாதச் சம்பளம் என்று அவன்தான் அடம்பிடித்துச் சேர்ந்தானாம். கடைவாய்ப் பல் வலி அவனுக்கு. பக்கத்தில் நிற்கும் கப்பல்காரர்கள் எப்போதாவது அரிசியும் வெங்காயமும் கொடுப்பார்களாம்.

"கடைசியா பேசசொல்லோ இன்னா சொன்னான்?" என்று கேட்டேன்.

"குடிக்கிற தண்ணி மூணு கேன் கீதுன்னான். அடுத்த வாரம் யாரோ குடுக்கறேன்னு சொல்லிக்கிறாங்களாம்."

மூன்று பேருக்கு மூன்று கேன். கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஏஜென்டின் நம்பர் மணி அடித்து அடித்து நின்றது. படகை வாங்கிய கம்பெனியின் நம்பர் உபயோகத்திலேயே இல்லை. தூதரகத்துக்கு எழுதியதற்கு 'உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது' என்று தானியங்கிப் பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே பதில் மறுபடி வந்தது. பாரிமுனையில் கப்பல் தொழிலாளர் சங்கம் ஒன்றில் போய் நின்றேன். அங்கிருந்த பெரியவர் தினமும் இதையே கேட்பவர் போல இருந்தார். "இந்த மாதிரி முப்பது நாப்பது கேஸ் கெடக்கு. தொடர்பே இல்லேன்னு மனு குடுத்தாதான் மேல எடுப்பாங்க. தொடர்புல இருக்கான்னா ஃபைல் அடியில போயிடும்" என்றார்.

மனுவை நானே எழுதினேன். 'ஒன்பது நாட்களாக என் மகனுடன் எந்தத் தொடர்பும் இல்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியவில்லை' என்று எழுதும்போது கை கூசியது. அந்த ஒன்பது நாளையும் உண்டாக்கியவள் நான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறை கேட்கும் நாள். அன்று பச்சையம்மா பெயரில் கொடுப்பது என்று முடிவாயிற்று. கையெழுத்து மட்டும் பாக்கி.

வெள்ளிக்கிழமை காலை எனக்கு வேறொன்று தோன்றியது. அந்தப் படகின் சாட்டிலைட் இணைப்பு ஒவ்வொரு முறையும் ஒரே முகவரியில் வரும் என்று என்ன நிச்சயம்? முகவரி மாறியிருந்தால், அவன் தினமும் நாலு மணிக்குத் தட்டிக்கொண்டிருப்பான், நான்தான் உள்ளே விடாமல் வைத்திருப்பேன். அதை நினைத்ததும் உட்கார முடியவில்லை.

"ஒரு மணி நேரம் எல்லாருக்கும் திறந்து விடுங்க சார்" என்று லோகநாதனிடம் கேட்டேன்.

"நீங்களா மேடம் சொல்றீங்க?"

"நான்தான்."

"செவ்வாக்கிழமை அந்தக் கப்பல் கம்பெனி ஆளு வந்து மறுபடி டெஸ்ட் பண்ணுவான்."

"இன்னிக்கு ஒரு நாள் சார்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாலுலேர்ந்து அஞ்சு. அதுக்கு மேல என்னால முடியாது."

நாலு மணிக்குத் திறந்தேன். கேபினில் நாங்கள் மூன்று பேர். பொன்னுரங்கம் லாரி டிரைவர்களை வெளியிலேயே நிறுத்திவிட்டு நோட்டை மூடிவைத்தார். நாலு பத்து. நாலு இருபது. பச்சையம்மாவின் உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

நாலு இருபத்திரண்டுக்கு லேப்டாப்பில் 231 பச்சையானது. அடுத்த நொடி மேஜையில் 204 அடித்தது.

பச்சையம்மா ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தார். "டேய் ரவி! நைனா! எப்டிடா கீற?"

நான் சந்தோஷத்தில் கத்தப்போனேன். பழக்கத்தில் கண் திரைக்குப் போய்விட்டது. 231-க்குப் பக்கத்தில் இருந்த முகவரி கடலிலிருந்து வந்ததில்லை. ஏதோ ஒரு நாட்டில், வாடகைக்கு விடும் கம்ப்யூட்டர்கள் இருக்கும் கட்டடத்திலிருந்து வந்தது. இன்டர்நெட்டில் இப்படிச் சில புரோகிராம்கள் இருபத்து நாலு மணி நேரமும் திரிந்துகொண்டிருக்கின்றன. மனிதர்கள் கிடையாது, வெறும் மெஷின். கதவு திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு எண்ணாகத் தட்டும். எண்ணே பாஸ்வேர்டாக இருந்தால் ஒரு நொடியில் உள்ளே வந்து, இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன்களுக்கு அடித்துப் பார்க்கும். யாராவது எடுத்தால் சத்தமில்லாமல் லைனில் நிற்கும். இதைத் தடுக்கத்தான் எனக்குச் சம்பளம். ரவிக்குமாருக்காக நான் திறந்த கதவில் அதுதான் வந்து நின்றது.

"இன்னாடா பேச மாட்டேன்ற? உன் பேச்சு கேக்கல நைனா. எம் பேச்சு கேக்குதா? சரி சரி, நீ பேச வேணாம். கேளு." பச்சையம்மா எழுந்து நின்றுகொண்டார். "தண்ணி குடுத்தாங்களா? பல்லு நோவுதுன்னா உப்புத் தண்ணியில கொப்புளி. உன் நைனாவும் இங்கதான் கீறாரு. உன் அக்காவுக்கு நாள் நெருங்கிடிச்சு, புள்ள பொறந்தா நீதான் பேரு வெக்கணுமாம். இங்க ஒரு பொண்ணு கீது, வியாசர்பாடி. உனுக்காக லைனைத் தொறந்து வெச்சிகினு உக்காந்துகினு கீது..."

என் விரல் லைனை வெட்டும் பட்டனின் மேலேயே இருந்தது. ஒரு தட்டு தட்டினால் லைன் போய்விடும். தட்டு, தட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடியவில்லை. பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் குனிந்துகொண்டேன்.

ஐந்தாவது நிமிஷத்தில் திரையில் சிவப்பு வரிகள் ஓட ஆரம்பித்தன. அதே 231, இன்னொரு பக்கத்தில் வெளிநாட்டு நம்பர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே லோகநாதனுக்கும் எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டும். என் கைபேசியில் அவர் பெயர் வந்தது. இனி வேறு வழியில்லை. பச்சையம்மா, "அழுவாத நைனா, அம்மா நாளிக்கும்..." என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வெட்டினேன்.

"லைன் போய்டிச்சு" என்று ரிசீவரை மெதுவாக வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. பத்து நாளில் நான் அவர் பல்லைப் பார்த்தது அப்போதுதான். "பேச முடியல அவனால. ஆனா கேட்டுகினுதான் இருந்தான். மூச்சு வுடறது கேட்டுச்சு."

"உசுரோட கீறான்" என்றார் பொன்னுரங்கம். 

அந்தச் சந்தோஷத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது பச்சையம்மா மேஜை மேலிருந்த மனுவை எடுத்தார்.

"இத்த இன்னா பண்றது? பேச்சே இல்ல, உசுரோட கீறானா தெரியலன்னு இதுல போட்டுக்கிற. இப்பதான் பேசினான். இத்த குடுத்தா பொய்யாப் பூடும்."

"பரவால்லம்மா. குடுக்கணும். கண்டிப்பா குடுக்கணும்."

"புள்ள நல்லா கீறசொல்லோ, உசுரு இல்லன்ற மாரி பெத்தவளே எழுதிக் குடுக்கறதா? அப்பறம் அதே பலிச்சிடும். கடலுக்குப் போறவன் வூட்ல அப்டி வாயால சொல்லக்கூட மாட்டோம். நீ இன்னாடான்னா பேப்பர்ல எழுதற."

"அம்மா, அது ரவி இல்ல." சொல்லிவிட்டேன். மறுபடியும் சொன்னேன். "ரவி இல்லம்மா. அது மெஷின். எங்கியோ இருக்கற ஒரு கம்ப்யூட்டர். தானா அடிச்சுப் பாக்கும். எனக்கு இங்க தெரியுதும்மா, இதோ பாருங்க."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். நம்பர்களும் புள்ளிகளும். பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். பச்சையம்மா பார்க்கவே இல்லை. தெரியாமல்தானே பண்ணினாய், விடு என்றாரே, அன்று பார்த்த அதே பார்வையாக என்னைத்தான் பார்த்தார். கோபம் இருந்தால் தேவலை. என் மேல் பரிதாபம்தான் இருந்தது.

"மெஷினு இன்னாத்துக்கு கண்ணு நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுகினு கீது?"

  பொன்னுரங்கத்தைப் பார்த்தேன். அவராவது என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவர் திரையைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மூடிவைத்த நோட்டைத் திறந்து, லாரி டிரைவர்களை உள்ளே கூப்பிட்டார்.

பச்சையம்மா மனுவை நாலாகக் கிழித்து, எச்சில் இலையைப் போடுவது மாதிரி கேபினுக்கு வெளியே இருந்த தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். அன்னக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"நாளிக்கும் நாலு மணிக்குத் தொறந்து வெய்யி கண்ணு" என்றார். "அவன் காத்துகினு இருப்பான்."